கீமோ முடிந்து வருஷங்கள் கழித்து வந்த ரத்தப் புற்றுநோய்: உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அம்மா பால்மரம் வெட்டியவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ எல்லாம் முடிந்து ஆறேழு வருஷம் நல்லபடியாக இருந்தார். அப்புறம் ஓயாத களைப்பு, எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையில் தொடையில் நீலத் திட்டுகள். ரத்தப் பரிசோதனையில் எல்லா அணுக்களும் குறைவு. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அக்யூட் மைலாய்டு லுக்கேமியா, மஜ்ஜையில் தொடங்கி வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்.

பழையது பரவிவிட்டதா என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டோம். இல்லை, இது புது நோய். டாக்டர் குரோமோசோம் படத்தைத் திருப்பிக் காட்டினார். வரிவரியாகக் கோடு போட்ட துண்டுகளை ஜோடி சேர்த்து எண் போட்டு அடுக்கியிருந்தது. ஏழாம் எண்ணில் இரண்டுக்குப் பதில் ஒன்றுதான் நின்றது. ஐந்தாம் எண் ஜோடியில் ஒன்று பாதி குட்டை.

அம்மாவுக்கு ஏற்றிய சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து புற்றணுவின் டி.என்.ஏ.வைச் சிதைத்துத்தான் கொல்கிறது; மஜ்ஜையின் மூல அணுக்களுக்கும் அந்த அடி விழும். அதன் விளைவு பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் தெரியவருமாம். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் இதே 5, 7-ஆம் குரோமோசோம் இழப்பை சிகாகோவின் குரோமோசோம் ஆய்வாளர் ஜேனட் ரௌலியின் குழு 1977-லேயே எழுதிவைத்திருக்கிறது. சிலருக்கு, புற்றைத் தடுக்கும் டி.பி.53 என்ற மரபணு கெட்ட அணு கீமோவுக்கு முன்பே மஜ்ஜையில் இருக்கும். மற்ற அணுக்கள் மருந்தில் மடியும்போது அது தப்பிப் பெருகிவிடும்.

"அந்த மருந்தைப் போடாமலே இருந்திருக்கலாமே" என்று சித்தி அழுதார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கீமோ போட்டவர்களில் மிகச் சிலருக்கே இப்படி வருகிறது. பேரன் பேத்திகளைத் தூக்கி வளர்த்த வருஷங்களை அம்மாவுக்குக் கொடுத்ததும் அதே சிகிச்சைதான். இப்போது லுக்கேமியாவுக்கு அசாசிடிடின் என்ற மருந்து ஊசியாகப் போகிறது.

பதில்:
அக்கா, என் தம்பிக்கு வேறு மாதிரி. எட்டோபோசைட் என்ற கீமோ மருந்து போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, காய்ச்சலோடு திடீரென்று வந்தது. பதினோராம் குரோமோசோமில் ஒரு துண்டு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருந்தது. அந்த வகை மருந்துக்கு இது சீக்கிரமே வரும் என்றார்கள். ஆம்பாங் மருத்துவமனையில் மஜ்ஜை மாற்றினார்கள், கொடுத்தது அண்ணன். இப்போது வேலைக்குப் போகிறான்.

பதில்:
எங்கள் அத்தைக்கும் பழைய கீமோவுக்கு அப்புறம்தான் வந்தது. ஆனால் ரிப்போர்ட்டில் 15-ஆம் குரோமோசோமுக்கும் 17-க்கும் இடையே துண்டு மாறியிருந்தது. அதற்கென்றே மருந்து இருக்கிறது: ஆட்ரா மாத்திரையும் ஆர்செனிக்கும். முழுக்கத் தேறிவிட்டார். ஆகவே "கீமோவால் வந்தது" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் மனம் விட்டுவிடாதீர்கள். குரோமோசோம் ரிப்போர்ட் வரட்டும், நகல் கேட்டு வாங்குங்கள். பழைய கீமோ மருந்துகளின் பெயர் எழுதிய காகிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள், ரத்தநோய் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.