வௌவாலுக்காக ஒரு வரி

நாலு பேர் முன்னால் முதல் முறையாகத் தன்னைப் பெயர் சொல்லிப் பாராட்டிய நாளைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது 2015இல், ஒரு நூலக மாடியில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ‘வெளி’ என்ற சொல் கணினியில் என்னைப் படுத்திய பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். கணினி சம்பந்தமாக எதுவும் படித்ததில்லை. ஆலையில் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பழகினேன், அப்புறம் ஆர்வத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அதற்கு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சுற்று வட்டாரத்து ஏரிகள், குளங்கள், வாய்க்கால்களைப் பற்றிப் பல வருடம் அலைந்து எழுதியவர். முன்னூறு பக்கத்துக்கு மேல். எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. ஒரு நாள் கூப்பிட்டு, “தம்பி, இதை என் பேரன் போன்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது, என்னன்னு பாரு” என்றார்.

பழைய எழுத்துருக்களில் வேலை செய்தவர்களுக்குக் காரணம் தெரியும். பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை போய்விடும். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு முறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை, அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளை, அறிவித்தது. தமிழ்99 விசைப்பலகை வந்ததும் அப்போதுதான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு அரசாணை 2010இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேருடைய உழைப்பு எத்தனை எழுத்துருவில் முடங்கிவிட்டது!

பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் இணையத்தில் ஏற்கெனவே இருந்தன. ஐயாவின் முதல் அத்தியாயத்தை அப்படி ஒன்றில் போட்டேன். மாறியது. ஆனால் ‘வெளி’ வருகிற இடமெல்லாம் ‘வௌி’ என்று, தனியாகத் தொங்கும் ஒரு கொக்கியோடு வந்தது. வெள்ளம் ‘வௌ்ளம்’ ஆனது. ஏரியைப் பற்றிய புத்தகத்தில் வெள்ளம் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது பக்கம் கையால் திருத்தினேன். நாற்பத்தோராவது பக்கத்தில், இதற்கு நாமே ஒன்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சிக்கல் இதுதான். பாமினியில் ஒற்றைக்கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுத்துக்கு முன்னால் தட்ட வேண்டும். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. இந்த வரிசையைத் திருப்புவது எளிது. ஆனால் ‘கௌ’ எழுதுவதற்குக் கொம்பு, க, ள என்று தட்டுவார்கள். ஔகாரத்தின் சிறகும் ளகரமும் பார்க்க ஒன்றாகவே இருப்பதால் பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. ஆகவே கொம்பு, வ, ள என்று கண்டதும் மாற்றும் நிரல் அதை ‘வௌ’ என்று முடிவு கட்டிவிடுகிறது. அடுத்து வரும் இகரக் கொக்கிக்கு உட்கார இடம் இல்லை.

நான் கண்டுபிடித்த வழி சின்னதுதான், ஆனால் அதற்கு மூன்று ராத்திரி ஆயிற்று. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ வேறு குறியோ ஒட்டினால் அது நிச்சயம் ளகரம். சிறகின் மேல் யாரும் புள்ளி வைக்க மாட்டார்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் மட்டும் ஔகாரம். கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் சரியாக விழுந்தன. ஐயாவின் முழுப் புத்தகத்தையும் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளம் வெள்ளமாகவே இருந்தது. இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நிரலை, யாரும் எடுத்துப் பார்க்கும்படி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டேன். ஏழெட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு இலங்கையிலிருந்து ஒரு மின்னஞ்சல். அட்டன் பக்கத்தில் தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் ஆசிரியை. “வணக்கம் ஐயா, உங்கள் மாற்றியைத்தான் பாவிக்கிறேன், மிக்க நன்றி” என்று தொடங்கியிருந்தார். பாட்டிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரிகளைப் பல வருடமாகச் சேகரித்து வைத்திருக்கிறாராம். பாட்டில் வரும் ‘வெளக்கு’ எல்லாம் ‘வௌக்கு’ என்றும், ‘வெளஞ்ச’ எல்லாம் ‘வௌஞ்ச’ என்றும் ஆகிவிடுகின்றன, எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தார்.

என் விதி எழுத்துத் தமிழை மட்டுமே நினைத்து எழுதியது என்று அப்போதுதான் உறைத்தது. பேச்சில் வெளக்கு, வெளயாட்டு, வெளஞ்ச என்று எத்தனை சொற்கள்! அகராதியை எடுத்து வௌ என்று தொடங்கும் சொற்களைப் பார்த்தேன். வௌவால், வௌவுதல், அவ்வளவுதான். இரண்டிலுமே அடுத்த எழுத்து வ. அப்படியென்றால் வகரத்துக்கு மட்டும் தனி விதி: பின்னால் இன்னொரு வ வந்தால்தான் ஔகாரம், இல்லாவிட்டால் ளகரம். ஒரே வரி. அதன் மேல் தமிழிலேயே ‘வௌவாலுக்காக’ என்று குறிப்பு எழுதி வைத்தேன். மறுநாள் அந்த ஆசிரியைக்கு எழுதினேன். “பாட்டியின் விளக்கு எரிகிறது” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த அஞ்சலை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சரி, நூலக மாடிக்கு வருகிறேன். ஐயாவின் புத்தக வெளியீடு. ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். நான் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஏற்புரையில் ஐயா எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இந்தப் புத்தகத்துல வெள்ளம் வெள்ளமா இருக்குன்னா அதுக்கு ஒரு ஆள் இருக்காரு” என்று என் பெயரைச் சொன்னார். எனக்கு முதலில் எழுந்திருக்கவே தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

பொன்னாடை போர்த்தினார்கள். மரூன் நிறம், ஓரத்தில் ஜரிகை, விலைச்சீட்டு கழுத்தில் உரசியது. கைதட்டல் கேட்டது. “நன்றிங்க ஐயா” என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கென்று யாரும் ஆடை போர்த்தியது அதுதான் முதல் தடவை. அம்மா வந்திருந்தார். அவருக்கு நான் ராத்திரியில் என்ன செய்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த நிமிடம் அதற்குப் பிறகு வந்தது. கூட்டம் கலைந்து, படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி, இருபது வயது இருக்கும், பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். “அண்ணா, அந்த வௌவால் வரி எழுதினது நீங்கதானா?”

ஒரு கணம் எதுவும் பேச முடியவில்லை. அந்த வரி நிரலின் நடுவில், இருநூறு வரிகளுக்குக் கீழே இருக்கிறது. திறந்து, மேலிருந்து கீழே பொறுமையாகப் படித்தவர் கண்ணில் மட்டும்தான் படும். அந்த வரியை எழுதிய ராத்திரி நான் இருந்த இடத்துக்கே வந்து பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

“ஆமாம்மா” என்றேன்.

“அதுல ஒண்ணு விட்டுப்போச்சுண்ணா. எங்க ஊர்ல மெளகான்னுதான் சொல்லுவோம். அது மௌகான்னு வருது.”

இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்தோம். மகரத்தில் மௌனம் இருக்கிறது, மௌலி இருக்கிறது, வகரத்துக்குச் செய்தது போல ஒரே விதியில் முடிக்க முடியாது, சொல்லாகத்தான் விலக்கு வைக்க வேண்டும் என்று பேசினோம். அழைப்பிதழின் பின்பக்கத்தில் அவளே எழுதினாள்: மெளகா, மெளகு, மெளகாப்பொடி. மேலே நூலகர் ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா கீழே பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பத்து நாள் கழித்து அந்தத் திருத்தத்தை அவளே அனுப்பினாள். வௌவால் வரிக்கு நேர் கீழே இருக்கிறது. மேலே ‘மெளகாய்க்காக’ என்று குறிப்பு.