காரைக்குடில எங்க அய்யாவோட ஹெரால்ட நிறுத்தின அன்னைக்கு

போன மாசம் காரைக்குடில ஒரு ஸ்கூல் கிரவுண்டுல பழைய வண்டியெல்லாம் நிறுத்தி வெச்சாங்க, மொத்தமே பதினஞ்சு இருபது வண்டிதான். நான் எங்க அய்யாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரக் கொண்டு போனேன், 63 மாடல், ரெண்டு கதவு, 948 சிசி. லாரில ஏத்திட்டுப் போன்னு வீட்ல சொன்னாங்க, ஓடுற வண்டிய எதுக்கு ஏத்தணும்னு தேவகோட்டைல இருந்து விடியக்காலைல நானே ஓட்டிட்டுப் போயிட்டேன், வழில ஒரு இடத்துலயும் நிக்கல.

பக்கத்துல பிளைமவுத்னு ஒரு அமெரிக்கக் கார் நின்னுச்சு, மொதல்ல கூட்டம் பூரா அங்கதான். நான் பானட்ட தொறந்ததும் பசங்க இந்தப் பக்கம் ஓடி வந்துட்டாங்க. ஹெரால்டு பானட் தெரியும்ல, ரெண்டு பக்கமும் கொக்கிய எடுத்துட்டு தூக்கினா மட்கார்டு ஹெட்லைட்டு எல்லாம் சேந்து முன்னாடி சாஞ்சிரும், இஞ்சின் வெட்டவெளில நிக்கும், டயர் மேல உக்காந்தே வேலை பாக்கலாம். வெளிநாட்டு வண்டியா அங்கிள்னு ஒரு பையன் கேட்டான். டிசைன் இத்தாலிக்காரர் மிக்கலாட்டி போட்டது, இங்கிலாந்துல 1959ல வந்துச்சு, ஆனா இது நம்ம மெட்ராஸ்ல செஞ்ச வண்டிடான்னு சொன்னேன். அவனால நம்பவே முடியல.

மதியம் ஒரு ஆச்சி வந்தாக, எண்பது வயசாவது இருக்கும். ஏறிப் பாக்கவா தம்பின்னு கேட்டு, செருப்ப வெளிய கழட்டி வெச்சுட்டு பின்சீட்டுல ஏறி உக்காந்தாக. சின்னப்புள்ளையில பிள்ளையார்பட்டிக்கு இந்த மாதிரி வண்டிலதான் கூட்டிட்டுப் போவாகளாம், நாலு புள்ளைகளயும் பின்னாடி அடைச்சு, பலகாரத் தூக்கு மடிலன்னு சொல்லிட்டே இருந்தாக. பத்து நிமிஷம் இருக்கும், நான் எதுவும் பேசல.

ஆனா நான் எழுத வந்தது இன்னொருத்தரப் பத்தி. சாயங்காலம் கிளம்புற நேரத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஒரு பெரியவர் வந்து கதவத் தொறந்தாரு, சாத்தும்போது கைய அடில குடுத்து லேசா மேல தூக்கி சாத்தினாரு. அப்படித்தான் சாத்தணும்! எங்க அய்யா அப்படித்தான் சாத்துவாரு. காலைல இருந்து அத்தன பேர் தொறந்து மூடினாங்க, ஒருத்தருக்கும் அது தெரியல. பல வருஷம் ஒரு வீட்ல ஹெரால்டு ஓட்டின டிரைவராம். பாடி ஒரே பீஸ் கிடையாது, துண்டு துண்டா சேஸிஸ்ங்கிற அடிச்சட்டம் மேல போல்ட் பண்ணது, கதவும் நீளம், நம்ம ரோட்டுல ஓடி ஓடி கதவு தொங்கிரும், அதுக்குத்தான் தம்பி அப்புறமா கம்பெனிக்காரன் நாலு கதவு வண்டி விட்டான்னாரு. அந்த நாலு கதவு மாடல் இந்தியால மட்டும்தான் வந்துச்சு, இங்கிலாந்துல கிடையாது.

சாவியக் குடுத்தேன். கிரவுண்டுலயே ஒரு சுத்து சுத்தினாரு, 25 அடி வட்டத்துக்குள்ள திரும்புற வண்டி, பந்தக்கால் பக்கத்துல ஒரே வெட்டுல திருப்பிக் கொண்டாந்து நிறுத்தினாரு. இறங்கி, வலது பக்கக் கீல் பின் தேஞ்சிருக்கு, மாத்திருன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

மதுரைல ரெண்டு கடைல கேட்டாச்சு, இல்ல. யார்கிட்டயாவது ஹெரால்டு கதவுக் கீல் பின் இருந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன்.