பொருள்: சேனலுக்கு ‘வழி’: இடது வழி, வலது வழி

வணக்கம் அன்பர்களே,

நம் ஒலிப்பதிவுக் கையேட்டின் சொற்பட்டியலுக்கு, ஸ்டீரியோவில் ‘லெஃப்ட் சேனல், ரைட் சேனல்’ என்று சொல்லும் இரண்டு ஒலிப்பாதைகளுக்கும் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். பினாங்கு ஐயா முன்வைத்த ‘இட அலைவரிசை, வல அலைவரிசை’ எனக்கு ஒட்டவில்லை. மலேசியாவில் அலைவரிசை என்றால் மின்னல் எஃப்எம் வானொலி, வானவில் தொலைக்காட்சி என்றுதான் யாருக்கும் தோன்றும். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் முன் நிற்கும் பையனிடம் “ரெண்டாவது அலைவரிசையைக் கூட்டு” என்றால் ரிமோட்டைத் தேடுவான்.

செந்தூல் தம்பி சொன்ன ‘தடம்’ நல்ல சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே டிராக்குக்கு, அதாவது பதிவான ஒலிக்கோப்புக்கு, போய்விட்டது. ஒரு ஸ்டீரியோ தடத்துக்குள் இரண்டு சேனல்கள் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வைப்பது?

என் பரிந்துரை ‘வழி’. முதலில் இடவழி, வலவழி என்றுதான் நினைத்தேன். ‘இடத்துக்குப் போகும் வழி’ என்று படிப்பார்கள் என்று பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை சொன்னது நியாயம். சரி, இடது வழி, வலது வழி என்றே எழுதுவோம். ஓர் எழுத்து கூடுவதால் குடிமுழுகிவிடாது. கேபிள் நுனியில் டேப் ஒட்டி ‘இ’, ‘வ’ என்று எழுதிவிடலாம்.

சொல்லைவிட அதன் விளக்கத்தில்தான் சிக்கல். யாருக்கு இடது? கச்சேரி மேடையில் வழக்கமாகப் பாடகரின் வலப்புறம் மிருதங்கம் இருக்கும். சபையில் இருப்பவருக்கு அது இடப்பக்கம். மிருதங்கத்தின் வலந்தலையோ, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகமோ, சபையைப் பார்த்தபடி இருக்கும். ஆக, வலந்தலையின் நாதம் பதிவில் இடது வழியில் கேட்கும்! உறுமிக்காரர் நம்மைப் பார்த்து நின்று வாசித்தாலும் இதே குழப்பம்தான். அதனால் ‘கேட்பவருக்கு இடப்பக்கம்’ என்று விளக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

‘இட ஒலிவாங்கி’யும் (இடப்பக்க மைக்) ‘இடது வழி’யும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஸ்டீரியோப் பதிவுக்கு மைக் வைக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஒய் முறையில் இரண்டு மைக்குகளின் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெரும்பாலும் 90 பாகை விரிப்போம். உடல்கள் குறுக்கே போவதால், இடப்பக்கம் இருக்கும் மைக் வலப்பக்கம் பார்க்கும். அதன் கேபிள் வலது வழிக்குத்தான் போக வேண்டும். தலைகளை 17 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டுக்கும் நடுவே 110 பாகை இருக்கும்படி வெளிப்புறமாகத் திருப்பும் ஓஆர்டிஎஃப் முறையில் இந்தத் தொல்லை கிடையாது. எம்எஸ் (நடு, பக்கம்) முறையிலோ இட மைக் என்ற ஒன்றே இல்லை: முன்னோக்கும் மைக்கோடு பக்கவாட்டு மைக்கைக் கூட்டினால் இடது வழி, கழித்தால் வலது வழி. இந்தக் கூட்டல் கழித்தல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் விண்ணப்பித்த காப்புரிமையிலேயே உண்டு. ஆகவே மைக் வேறு, வழி வேறு. பட்டியலில் இரண்டும் தனித்தனியாக வரட்டும்.

ஸ்டீரியோவை ‘இருவழி ஒலி’ ஆக்குவதும் வேண்டாம். ஒரே மைக்கை இரண்டு வழியிலும் அனுப்பினால் அதுவும் இருவழிதான், ஆனால் ஸ்டீரியோ ஆகாது. அந்தக் கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள் திண்மை. அதற்காக ‘திண்மொலி’ என்று கிளம்பினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ஸ்டீரியோ ஸ்டீரியோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கையேட்டுக்கு ஒரு மாதிரிப் பத்தி, சொற்கள் வாயில் நுழைகின்றனவா என்று பாருங்கள்:

“மிக்சரின் ஒற்றைப்படை எண் துளையை இடது வழிக்கும், அடுத்த இரட்டைப்படையை வலது வழிக்கும் வைத்துக்கொள்வது வழக்கம். ஒலியை இடமோ வலமோ தள்ளும் பான் குமிழ்களில் ஒன்றை முழுக்க இடதுபுறமும் மற்றதை முழுக்க வலதுபுறமும் திருப்புங்கள். இரண்டும் நடுவில் இருந்தால் இரண்டு மைக் வைத்தும் கிடைப்பது மோனோதான், இரு பக்கமும் ஒரே ஒலி. இரண்டின் கெயினும் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) சமமாக இருக்கட்டும். மைக்கைத் தட்டிப் பார்த்தால் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று மட்டுமே தெரியும். பக்கம் சரியா என்று அறிய, ஒருவரை மைக்குகளுக்கு முன்னால் பேசிக்கொண்டே, கேட்பவருக்கு இடமிருந்து வலமாக நடக்கச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனில் குரலும் அதே திசையில் நகர வேண்டும்.”

இதில் பான் குமிழுக்குத்தான் சொல் அமையவில்லை. ‘பக்கக் குமிழ்’ என்று எழுதிப் பார்த்தேன். பிடிக்காதவர்கள் தாராளமாக அடித்துவிடலாம், பதிலுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு.