டிரம்ஸ் வாசிக்க எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும்? இடுப்புக்கு மேலே பிடிக்கிறது

மேல்புறம்_செண்டை எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். எனக்கு ஊர் மேல்புறம் பக்கம். சிங்காரிமேளம் என்கிற செண்டைக் குழுவில் செண்டை அடித்து வந்தவன். இப்போது எங்கள் சபையில் ஆராதனைக்கு டிரம்ஸ் வாசிக்கிறேன். கை பழகிவிட்டது, கால் பழகிக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை முதுகுதான். செண்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க நின்று அடித்திருக்கிறேன். தோள் வலிக்கும், முதுகு வலித்ததில்லை. இங்கே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்தால் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்கிறது. வலது தொடை உடம்போடு சேருகிற இடத்தில், முன்பக்கமாக, ஒரு இழுப்பும் இருக்கிறது.

விடிவதற்கு முன்னால் ரப்பர் வெட்டுக்குப் போகிறவன் நான். பட்டையில் அடிப்பகுதி வெட்டும்போது குனிந்தே நிற்க வேண்டும், அதனால்தான் வலி என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் மழையில் வெட்டு நின்ற வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே வலி.

சபையில் இருக்கிற டிரம் ஸ்டூல் ஆடுகிறது. அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்காருகிறேன். என் உயரம் 5 அடி 11 அங்குலம். வீடியோக்களில் ஒருவர் தாழ்வாக உட்காரச் சொல்கிறார், இன்னொருவர் உயரமாக என்கிறார். எதைக் கேட்பது?

களியக்காவிளை_ரிதம் எழுதியது:

தம்பி, முதலில் அந்த நாற்காலியை விடு. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கோயில் உற்சவங்களுக்கு கானமேளாவில், அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரியில், வாசிக்கிறவன். வாடகை செட்டில், யாரோ பூட்டி வைத்த உயரத்தில், போய் உட்கார வேண்டிய தொழில். ஆகவே உயரம் என்பது எனக்குச் சோறு போடுகிற விஷயம்.

பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 17 அங்குலம் இருக்கும். அதுவும் பின்பக்கம் சரிந்திருக்கும், சாய்ந்து உட்காருவதற்காகச் செய்தது. தலையணை நீ உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். உன் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் முட்டி இடுப்பை விட மேலே நிற்கும். முட்டி மேலே போனால் இடுப்பெலும்பு பின்னால் உருளும், கீழ்முதுகில் உள்ளே வளைந்திருக்க வேண்டிய இடம் வெளியே பிதுங்கும். அந்த நிலையில்தான் ஒன்றரை மணி நேரமும் இருக்கிறாய்.

இதோடு கிக் சேர்கிறது, அதாவது வலதுகால் பெடலால் பேஸ் டிரம்மை அடிப்பது. கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் தொடங்கி, அடிவயிற்றுக்குள் இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கம் வந்து சேருகிற ஒரு பெரிய தசை உண்டு. தொடையைத் தூக்குவது அதன் முக்கியமான வேலை. குதிகாலைத் தூக்கி கிக் அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அது இழுக்கிறது. தாழ உட்கார்ந்தால் ஏற்கெனவே மேலே நிற்கும் தொடையை இன்னும் மேலே தூக்க வேண்டும், வேலை கூடும். நீ சொன்ன இரண்டு வலியும் பெரும்பாலும் அந்த ஒரே தசையின் இரண்டு முனை.

செண்டையில் உன் இரண்டு காலும் தரையில் ஊன்றி உன்னைத் தாங்கின. இங்கே இரண்டு காலும் பெடலில் வேலை செய்கின்றன. தாங்குவதற்கு மிச்சம் இருப்பது இருக்கை மட்டும். அதனால் ஸ்டூலின் உயரத்தைக் காலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கையை வைத்து அல்ல. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சபையில் முன்பு வாசித்தவர் வைத்துவிட்டுப் போன ஸ்னேர் (மடிக்கு முன்னால் நிற்கும் டிரம்) உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொள்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது, இருபது வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள்.

அளப்பது இப்படி. ஸ்டூலின் பக்கத்தில் நிமிர்ந்து நில். சபையில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசிப்பாய் என்றால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். வீட்டில் ஷூ போட்டுப் பழகினால் அளவு மாறிவிடும். இருக்கையின் மேல்பரப்பு உன் முட்டிச் சில்லின் மேல்விளிம்புக்கு வரட்டும். உனக்கு அது 21, 22 அங்குலத்தில் வரும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்தபின் தொடை முட்டியை நோக்கிக் கொஞ்சம் இறங்க வேண்டும், இடுப்பு முட்டியை விட இரண்டு மூன்று விரல் உயரத்தில் இருந்தால் போதும். பிட்டத்தின் அடியில் இரண்டு எலும்பு தட்டுப்படும், பாரம் அதன்மேல் இருக்கட்டும். விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்காராதே, பின்னால் போய் தொடை முழுவதையும் இருக்கையில் வைக்கவும் செய்யாதே. தொடையின் முன்பாதி காற்றில் இருக்க வேண்டும்.

இப்போது இரண்டு பாதத்தையும் ஒரே சமயத்தில் பெடலிலிருந்து ஒரு அங்குலம் தூக்கு. உடம்பு பின்னால் சாயாமல் நின்றால் சரி. சாய்ந்தால் இன்னும் தாழ்வாகவோ ரொம்பப் பின்னாலோ உட்கார்ந்திருக்கிறாய். உயரம் கூடிப்போனாலும் தெரியும், பாரம் பாதத்துக்கு வழுக்கி இறங்கி, பாதி நிற்பதாகத் தோன்றும். அப்போது குதிகாலைத் தூக்கவே பயமாக இருக்கும்.

அதன்பிறகுதான் செட். கண்ணை மூடிக்கொண்டு காலைத் தளர்த்திப் போடு. பாதம் எங்கே விழுகிறதோ அங்கே பெடல் வரட்டும். வலது பாதம் வெளியே பார்த்து விழுந்தால் பேஸ் டிரம்மும் லேசாக வலப்பக்கம் பார்க்கட்டும், நேராக நிறுத்த வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஸ்னேர் இரண்டு முட்டிக்கும் நடுவே, ரிம்ஷாட் (விளிம்பும் தோலும் ஒன்றாகப் படும் அடி) அடிக்கும்போது கை தொடையில் இடிக்காத அளவு மேலே. நீ இருக்கையை உயர்த்தினால் ஸ்னேரையும் உயர்த்து. இல்லாவிட்டால் குனிந்து அடிப்பாய், முதுகிலிருந்த வலி கழுத்துக்கு ஏறும்.

ஆடுகிற ஸ்டூலைத் தூக்கிப் போட வேண்டாம். கவிழ்த்துப் பார். நடுத்தண்டு மரை போட்டதாக இருந்தால், இருக்கைக்கு அடியில் அதைப் பூட்டுகிற வளையமோ திருகோ இருக்கும். அது தளர்ந்திருந்தால் நீ இடப்பக்கம் ஜோடிச் சிம்பலாக நிற்கும் ஹை-ஹேட்டுக்கும் வலப்பக்கம் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கும் திரும்பத் திரும்ப இருக்கையும் சுழன்று மரையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதல் பாட்டில் இருந்த உயரம் கடைசிப் பாட்டில் இருக்காது. பிறகு மூன்று காலையும் நன்றாக விரித்து வை. குறுக்கி வைத்தால் எந்த ஸ்டூலும் ஆடும்.

பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்து வைத்துவிட்டு உட்கார். ஒரு பக்க இடுப்பு மேலே ஏறி நிற்கும், நாலு பாட்டுக்குள் முதுகு சொல்லிவிடும்.

சித்தூர்_ஸ்னேர் எழுதியது:

அண்ணா சொன்னது உயரமானவர்களுக்குச் சரி. நான் பாலக்காட்டுச் சித்தூர், உயரம் 5 அடி. என் முட்டி 18 அங்குலத்துக்குக் கீழே. கடையில் கிடைக்கிற பல ஸ்டூல்கள் அந்த 18 அங்குலத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. இடுப்பு மேலே, முட்டி கீழே என்று உட்கார்ந்தால் எனக்குக் குதிகால் பெடலில் படுவதில்லை.

நான் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவள். சத்தம் குறைவாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் குதிகாலைப் பெடலிலேயே வைத்துத்தான் கிக். அதற்கு எனக்குத் தொடை ஏறக்குறைய சமமட்டமாக இருந்தால்தான் கணுக்கால் சுகமாக வேலை செய்கிறது. ஸ்டூலின் கீழ்க்குழாயை வெல்டிங் பட்டறையில் கொடுத்து அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டேன். வெட்டிய முனையை அரத்தால் ராவி, ரப்பர் மூடி போடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தரை கீறும்.

களியக்காவிளை_ரிதம் எழுதியது:

சரிதான் தங்கச்சி. குதிகாலை வைத்து அடிப்பவர்களுக்குக் கணுக்காலில்தான் வேலை, தொடையைத் தூக்க வேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் தாழ்ந்தால் அவர்களுக்குக் கெடுதல் குறைவு. ஆனால் சமமட்டத்துக்குக் கீழே யாரும் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

மேல்புறம்_செண்டை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணன், அக்கா. ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தேன், வளையத்தின் திருகே இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து வேறொன்று வாங்கிப் போட்டேன். 21 அங்குலத்தில் வைத்து வாசித்ததில் தொடை இழுப்பு இல்லை, முதுகும் ரொம்பக் குறைந்திருக்கிறது.

இப்போது வேறொன்று. வலது தோள் காதுப்பக்கம் ஏறுகிறது, ஹை-ஹேட் அடிக்கும்போது மட்டும். அப்புறம், சபையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனும் மாலைக் கூட்டத்துக்கு வாசிக்கிறான். என்னைவிட ஒரு முழம் குட்டை. அவன் இறக்குவான், நான் ஏற்றுவேன், ஒவ்வொரு வாரமும் தேட வேண்டியிருக்கிறது.

களியக்காவிளை_ரிதம் எழுதியது:

ஸ்னேருக்கும் ஹை-ஹேட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பார். இடதுகைக்கு மேலே வலதுகை தாராளமாகக் கடந்து போக 6 முதல் 8 அங்குலம் போதும். அதற்குமேல் இருந்தால் தோள் தூக்கித்தான் அடிப்பாய். மேல் சிம்பலைப் பிடித்திருக்கும் கிளட்ச்சைத் தளர்த்தி, ஸ்டாண்டின் மேல்குழாயை இறக்கு. இறக்கியும் தோள் ஏறினால் ஹை-ஹேட் தூரத்தில் நிற்கிறது, ஸ்டாண்டோடு உன் பக்கம் இழு. இழுத்தபின் இடதுகால் சுகமாகப் பெடலில் விழுகிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்.

மீதி இருக்கிற முதுகுவலி ஒரு மாதத்துக்குள் போய்விட வேண்டும். போகாவிட்டாலும், வலி தொடைக்குப் பின்னால் காலுக்கு இறங்கினாலும், பாதம் மரத்துப்போனாலும் ஸ்டூலைத் திருகிக்கொண்டு இருக்காதே, எலும்பு டாக்டரிடம் காட்டு. ரப்பர் வெட்டுகிற உடம்பு, அலட்சியம் வேண்டாம்.

பையன் விஷயத்துக்கு இன்சுலேஷன் டேப் போதும். இரண்டு நிறம் வாங்கி, ஸ்டூல் தண்டில் உன் உயரத்துக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று சுற்றிவிடு. ஸ்னேர் ஸ்டாண்டிலும் அதே நிறங்கள். விரிப்பில் பெடல் கால்கள் நிற்கிற இடத்திலும் ஒட்டு. அவனுடைய அளவை நீயே ஒரு நாள் உட்காரவைத்து எடுத்துக்கொடு, வளர்கிற பிள்ளை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை மாற்ற வேண்டியிருக்கும்.