24 வெண்பன்றிகள் தேங்கிவிட்டன, எடுக்க ஆள் வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் சின்னப் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் இனம், எட்டு மாதம், ஒவ்வொன்றும் 90 கிலோவுக்கு மேல். வழக்கமாக வரும் கேரள வியாபாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கெடுபிடியைச் சொல்லி ஒரு மாதமாக வரவில்லை. உள்ளூர் வியாபாரி உயிர் எடை கிலோ 150 என்றவர், தீவனத் தொட்டியில் கிடந்த காரல் மீனைப் பார்த்ததும் 110-க்கு இறங்கிவிட்டார். கறியில் மீன் வாடை அடிக்குமாம். அதுவும் பொய்யில்லை. மண்டபம் ஊரிலிருந்து வாங்கித் தீவனமாகப் போட்ட கழிவு மீனை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இப்போது தவிடும் மக்காச்சோளமும்தான், கையைக் கடிக்கிறது. மதுரையில் இரண்டு கறிக்கடைகளில் கேட்டேன், வாரத்துக்கு ஒன்று போதுமாம். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு (ஆப்பிரிக்க வகைக்கு அல்ல) தடுப்பூசி போட்டாயிற்று, கால்நடை மருத்துவர் சான்றும் கையில் இருக்கிறது. மதுரை, திருச்சி பக்கம் ஒரே தடவையில் பத்து உருப்படியாவது உயிர் எடைக்கு எடுப்பவர் யாரையாவது தெரியுமா?