அரைக்கிலோவுக்கு மிச்சம் 2 ரூபாய்

குழு: பேச்சி ஆச்சி வீடு 🏠
சனிக்கிழமை

காலை 9:12
ராணி: கார்த்தி ஸ்டிக்கர் அடித்து அனுப்பிவிட்டான். படம் பாருங்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் ஆன்லைன் வியாபாரி 🙏

9:15
சுப்பையா: நீ இருப்பது சாத்தூர். ஸ்டிக்கரில் கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று போட்டிருக்கிறதே?

9:16
ராணி: பக்கத்து ஊர்தானே அத்தான். அதே கரிசல் கடலை, அதே வெல்லம்.

9:19
மீனா: அப்பா கேட்பது சரி, சித்தி. 2020இல் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். கோவில்பட்டி வட்டாரத்துக்கு வெளியே செய்துவிட்டு அந்தப் பெயரைப் போட முடியாது. "சாத்தூர் ராணி கடலை மிட்டாய்" என்று போடுங்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

9:20
கார்த்தி: 500 ஸ்டிக்கர் போச்சு 😭

9:21
மீனா: ஸ்டிக்கரை விடுடா. சித்தி, அடக்கம் போட்டுப் பார்த்தீர்களா?

9:26
ராணி: அரைக்கிலோவுக்குக் கடலை, வெல்லம், ஏலக்காய், கேஸ் எல்லாம் சேர்த்து 95. விலை 180. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி நிற்கும்.

9:28
மீனா: அட்டைப்பெட்டி, டேப், உள்கவர் 18. கூரியர் 65. கூட்டிப் பாருங்கள்.

9:31
ராணி: 178

9:31
மீனா: மிச்சம் 2 ரூபாய். தளத்துக்காரர் கமிஷனை இன்னும் கழிக்கவில்லை.

9:33
பாக்கியம்: அதற்குப் பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து விற்றுவிடலாமே

9:37
மீனா: அம்மா, கொஞ்சம் சும்மா இரு. சித்தி, அரைக்கிலோவை விட்டுவிட்டு ஒரு கிலோவாகப் போடுங்கள். அடக்கம் 190, பெட்டி 22, கூரியர் 85. விலை 360 வைத்தால் 63 நிற்கும். மிட்டாய் இரண்டு மடங்கானாலும் கூரியர் இரண்டு மடங்காவதில்லை. முதல் வருடம் எனக்கு இது தெரியாமல்தான் கை சுட்டது.

9:40
கார்த்தி: அக்கா, பெட்டி வாங்கிவிட்டேன். 30க்கு 25க்கு 20 சென்டிமீட்டர். பெரிதாக இருந்தால் உடையாதே என்று...

9:43
மீனா: கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். உன் பெட்டி 15000. அதாவது 3 கிலோ. உள்ளே இருப்பது அரைக்கிலோ மிட்டாய், மீதியெல்லாம் காற்று. காற்றுக்கும் சேர்த்துக் காசு கட்டுவாய்.

9:44
கார்த்தி: 🙈

9:50
ராணி: வீட்டு வாசலில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டால்தான் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

9:58
மீனா: அந்த சிஓடி கதையைக் கேளுங்கள். சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்த ஆடியில் 10 சேலை அப்படி அனுப்பினேன். 4 திரும்பி வந்தது. ஒருவர் ஊரில் இல்லை, இருவர் போனே எடுக்கவில்லை, ஒரு அம்மா "நான் எங்கே கேட்டேன்?" என்றார். போன கூலியும் என் தலையில், வந்த கூலியும் என் தலையில். சேலையையாவது தேய்த்து மடித்து மறுபடி விற்றேன். மிட்டாய் பத்து நாள் வெயிலில் ஊர் சுற்றிவிட்டு வந்தால் ஒட்டிப்போய் நிற்கும். வேண்டவே வேண்டாம்.

10:05
ராணி: லைசென்ஸ் ஏதும் வேண்டுமா?

10:11
மீனா: உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். எடை, எம்ஆர்பி, செய்த தேதி, முகவரியும் வேண்டும். ஜிஎஸ்டி இப்போதைக்கு வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு தளங்களில் விற்கலாம். பெங்களூரிலிருந்து கேட்டால்தான் சிக்கல். வெளி மாநிலத்துக்கு ஜிஎஸ்டி எடுத்தாக வேண்டும்.

10:14
சுப்பையா: இதெல்லாம் இளசுகளுக்குத்தான் சரிப்படும்.

10:17
கார்த்தி: பெரியப்பா, 1984இலேயே இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் 72 வயதுப் பாட்டி ஒருவர் டிவி ரிமோட்டை வைத்து மளிகை ஆர்டர் போட்டிருக்கிறார். ஜேன் ஸ்னோபால். முட்டை, கார்ன்ஃபிளேக்ஸ், மார்கரின்.

10:18
சுப்பையா: முட்டை உடையாமல் வந்ததா? எனக்கு மிக்ஸி ஜாரே கீறலோடுதான் வந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டுவிட்டு அத்தோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

10:22
மீனா: அப்பா, அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? தளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் பெயர் இருக்கும். புகார் வந்ததாக 48 மணி நேரத்துக்குள் அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 2020 விதி அது. இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடலாம். சாயங்காலம் பில்லை எடுத்து வையுங்கள்.

மாலை 4:41
ராணி: முதல் ஆர்டர் வந்துவிட்டது!!! 20 கிலோ! மதியம் தெருக் குழுவில் படம் போட்டேன், அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், முகாமுக்கு வேண்டுமாம். முழுப் பணமும் இப்போதே தருகிறாராம். ஒரு கட்டம் அனுப்பியிருக்கிறார். அதை ஸ்கேன் பண்ணி என் பின் நம்பரைப் போட்டால் 7200 வந்து விழுமாம்.

4:41
மீனா: போடாதீர்கள்

4:42
மீனா: சித்தி பின் போடாதீர்கள்!!!

4:42
கார்த்தி: அம்மா போனை எடு

4:44
மீனா: பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

4:49
கார்த்தி: அம்மா 🙏🙏

4:53
ராணி: போடவில்லைடா. உங்களுக்கு எழுதிவிட்டு அடுப்புக்குப் போனேன். பாகு பதத்துக்கு வந்துவிட்டது, அதை விட்டால் மொத்தமும் வீண். கையெல்லாம் பாகு, போனைத் தொடவே முடியவில்லை. அந்த ஆள் ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறான்.

4:55
மீனா: "என் யுபிஐக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்று மட்டும் எழுதிப் பாருங்கள்.

5:02
ராணி: எழுதினேன். மேலதிகாரி இந்த முறைக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார் என்கிறான். குரலும் மாறிவிட்டது, அதட்டுகிறான்.

5:03
மீனா: எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் பண்ணுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் பேசியிருக்க வேண்டும். போகவில்லை, பிழைத்தோம்.

5:10
சுப்பையா: ராணுவம் மிட்டாயைச் சாத்தூரில் தெருக் குழுவிலா தேடும்?

5:11
ராணி: இப்போது கேளுங்கள் அத்தான் 😒

5:20
பாக்கியம்: ராணி, எனக்கு ஒரு கிலோ அனுப்பு. பணம் அடுத்த வாரம் வரும்போது தருகிறேன்.

5:21
ராணி: சிஓடி கிடையாது அக்கா.

5:24
பாக்கியம்: 🙄 எவ்வளவு?

5:24
ராணி: 360. கூரியர் சேர்த்துத்தான்.