அண்ணனை வேலூருக்கு அழைத்துப் போகணும், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியா, பினாங்கு, பிறையிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் என் அண்ணன் லாரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தாயிற்று, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணமும் வருகிறது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

தொல்லை படுக்கைப்புண்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். இரவில் அலாரம் வைத்து அண்ணியும் நானும் மாறி மாறி எழுகிறோம். அப்படியும் வால் எலும்புக்கு மேலே இருபது காசு அளவில் தொடங்கியது, இப்போது உள்ளங்கை அகலம். சதையை நகர்த்தி மூடும் அறுவை சிகிச்சை வேண்டுமாம்.

வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) லாப நோக்கமில்லாத மருத்துவமனை. பாகாயத்தில் அவர்களுடைய மறுவாழ்வு மையம் 1966இலிருந்து இருக்கிறது. அதை நடத்திய டாக்டர் மேரி வர்கீஸுக்கும் விபத்தில் கால்கள் செயலிழந்தவைதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இதைச் சொன்னதும், பல நாளாகச் சுவரையே பார்த்துக் கிடந்த அண்ணன் திரும்பி "அப்புறம்?" என்றார்.

இங்கிருந்து யாராவது போயிருக்கிறீர்களா? மருத்துவ விசாவுக்கு அங்கிருந்து கடிதம் எப்படி வாங்கினீர்கள்? கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம்; புண்ணோடு அவ்வளவு நேரம் உட்காரலாமா, படுத்தே போக விமானத்தில் இடம் தருவார்களா? சென்னையிலிருந்து ரயிலா, ஆம்புலன்ஸா? துணைக்கு இருப்பவர் தங்க வாடகை அறை கிடைக்குமா?

இன்னொன்று, யார் வீட்டிலாவது காற்று மெத்தை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், பினாங்குப் பாலம் தாண்டி வந்துகூட எடுத்துக்கொள்கிறேன்.